பழைய போன் எதனால் செத்தது?

2025 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஓர் அக்காவும் அவருடைய மகளும் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உள்ள என் கடைக்கு வந்தார்கள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அக்கா கொழுந்து பறிப்பவர்; மகள் உயர்தரம் படிக்கிறாள். கொப்பியிலிருந்து கிழித்த தாள் ஒன்றில் இரண்டு பெயர்கள் எழுதியிருந்தன: சாம்சங் கேலக்ஸி ஏ16, ரெட்மி நோட் 14. இரண்டும் 4ஜி.

"இதில் எது நல்லது என்று சொல்லுங்கள் தம்பி. வாங்குவது உங்களிடம் இல்லை, பெரிய கடையில்" என்றார் அக்கா, எதையும் மறைக்காமல். நான் போன் விற்பவன் அல்ல, திருத்துபவன். அதனால் எனக்கு வருத்தமில்லை. "பழையதைக் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டேன்.

பதினான்கு வருடமாக இந்த மேசையில் திருப்புளி பிடிக்கிறேன். எது வாங்கலாம் என்று யாராவது கேட்காத நாள் குறைவு. கேட்பவர்கள் புதிய போனைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டு வருவார்கள். பழையது எதனால் செத்தது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஒரே காரணத்தால் அடுத்தடுத்து மூன்று போன்களைச் சாகக் கொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கொம்பனியை மாற்றினார்கள். காரணம் வீட்டிலேயே இருந்தது.

அவர்கள் கொண்டுவந்திருந்த பழைய போனின் பின்மூடியைச் சூடுகாட்டிக் கழற்றினேன். பற்றரி நடுவில் லேசாக உப்பியிருந்தது. சார்ஜர் செருகும் வாயை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து மகளையும் பார்க்கச் சொன்னேன். கவனிக்காமல் விட்ட பித்தளைக் குத்துவிளக்கில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு. உள்ளே வரிசையாக நிற்கவேண்டிய சிறு தகடுகளில் இரண்டு அரித்துப் பாதியாகியிருந்தன.

"தண்ணீரில் விழவேயில்லையே அண்ணா" என்றாள்.

விழவில்லைதான். இரவில் போனை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். ஜன்னலில். ஏன் ஜன்னலில்? லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், அந்த ஓர் இடத்தில்தான் சிக்னல் இரண்டு கோடு காட்டும். சார்ஜில் போட்டபடியா? ஆமாம், விடியும்வரை.

அவ்வளவுதான் கதை. நம் பக்கத்தில் இரவு முழுவதும் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்து போகும். ஈரம் மட்டும் இருந்தால் உலோகம் மெதுவாகத்தான் கெடும். ஈரம் இருக்கும் இடத்தில் மின்சாரமும் ஓடினால் சில மாதங்களில் தகட்டைத் தின்றுவிடும். பற்றரி உப்பியதற்கும் அதே ஜன்னல்தான் மூலம். கோபுரம் தூரத்தில் இருந்தால் போன் தன் குரலை உயர்த்திக் கத்தவேண்டும். 4ஜி போன் ஒன்றின் உச்ச வலு சுமார் 0.2 வாட். அருகில் கோபுரம் உள்ள ஊர்க்காரரின் போன் அதில் சிறு பங்கைத்தான் செலவிடும். லயத்துப் போன் நாள் முழுவதும் கத்திக்கொண்டே இருக்கிறது. சூடாகிறது, பற்றரி இறங்குகிறது, மறுபடி சார்ஜில் போகிறது, மறுபடி ஜன்னலுக்குப் போகிறது.

இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தாளைப் பார்த்தால் பாதி விஷயம் தானாகக் கழிந்துவிடும்.

கெமராவைத் தள்ளிவையுங்கள். நோட் 14இல் 108 மெகாபிக்சல், ஏ16இல் 50. முதலாவது ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்குகிறது, இரண்டாவது நான்கை. சாதாரணமாக எடுக்கும் படம் இரண்டிலும் ஏறத்தாழ 12 மெகாபிக்சல்தான். '8 கூட்டல் 8 ஜிபி ரேம்' என்று கடையில் ஒட்டியிருப்பதில் பின்னுள்ள 8 ரேமே அல்ல, சேமிப்பகத்தில் கடன் வாங்கிய இடம். நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று விற்பனைப் பையன் சொல்லியிருக்கிறான். இரண்டும் ஐபி54 தரம். தூசியை ஓரளவு தடுக்கும், சாரல் தெறித்தால் தாங்கும். தண்ணீரில் மூழ்கினால் தாங்காது. சார்ஜர் செருகியபடி ஈரத்தில் கிடப்பதற்கு எந்தத் தரமும் காவல் இல்லை.

உண்மையில் என்னை யோசிக்கவைத்தவை இரண்டு.

ஒன்று, ஏ16க்கு ஆறு வருடப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் தருவதாக அந்தக் கொம்பனி அறிவித்திருக்கிறது. 2024 இறுதியில் வந்த போன் என்பதால் 2030வரை ஓடும். இந்த விலைக்கு அது பெரிய விஷயம். எங்கள் ஆட்கள் ஒரு போனை நான்கு, ஐந்து வருடம் பாவிப்பார்கள். பிறகு அது தம்பிக்குப் போகும், அதன் பிறகு ஆத்தாவுக்கு. மேம்படுத்தல் நின்ற போனில் முதலில் முரண்டு பிடிப்பது வங்கிச் செயலி. நோர்வூட்டிலிருந்து வந்த ஓர் ஆசிரியரின் பழைய போனில் உடம்பு நன்றாகவே இருந்தது, வங்கிச் செயலி மட்டும் திறக்கவில்லை. அவரும் இதே இரண்டு பெயர்களைத்தான் சொன்னார். அவருக்கு யோசிக்காமல் ஏ16 என்றேன்.

இரண்டாவது, இயர்போன் துவாரம். நோட் 14இல் உருண்டை முனை செருகும் பழைய துவாரம் இருக்கிறது, ஏ16இல் இல்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம், அவர்கள் கம்பியில்லாததை மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பிள்ளை ஒரே அறையில் ஐந்து பேருக்கு நடுவில் இரவு ஏழிலிருந்து ஒன்பதுவரை இணைய வகுப்புக் கேட்கிறாள். துவாரம் இல்லாத போனில் கம்பி இயர்போனையும் சார்ஜர் வாயிலேயே செருகவேண்டும். செருகிக் கழற்றிச் செருகி அந்த வாய் தேயும். வகுப்பு நடக்கும்போது சார்ஜும் போடமுடியாது. எந்த வாய் கெட்டு ஒரு போன் செத்ததோ, அதே வாய்க்கு இரட்டை வேலை கொடுக்கும் போனை எப்படிச் சொல்வது? ஆறு வருடத்தைக் காட்டி என் மனம் ஒருபக்கம் இழுத்தது. மேசையில் கிடந்த பச்சைக் களிம்பு மறுபக்கம் இழுத்தது. நோட் 14 என்றேன். அதன் பற்றரி 5500 எம்ஏஎச் என்பதும் மற்றதில் 5000 என்பதும் கூடுதல் லாபம். அதற்காக மட்டும் என்றால் சொல்லியிருக்கமாட்டேன்.

இதில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நோட் 14இல் விரல்ரேகையைத் திரைக்கு அடியில் வைத்துப் படிக்கும் கண் இருக்கிறது. ஏ16இல் பக்கவாட்டுப் பொத்தானில். என்னிடம் திருத்துவதற்கு வந்திருந்த, திரைக்கு அடியில் கண் உள்ள ஒரு போனில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, அக்காவின் பெருவிரலைப் பதியவைத்துப் பார்த்தேன். ஏறவில்லை. இருபது வருடக் கொழுந்துச் சாறு விரல் நுனியைக் கறுப்பாக்கி, ரேகைக்குக் குறுக்கே வெடிப்புகளைக் கீறியிருந்தது. ஆட்காட்டி விரலும் அப்படியே. "எங்கள் கையை மெஷினுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது" என்று சிரித்தார். இடதுகைச் சுண்டுவிரலைக் கேட்டேன், கொழுந்து கிள்ளும்போது அது அவ்வளவு படாது. இரண்டாம் முறையில் ஏறியது. தோட்ட வேலை செய்யும் அம்மாவுக்குப் போன் வாங்குகிறீர்களானால் அவரையே கடைக்குக் கூட்டிச் சென்று அவருடைய விரலை வைத்துப் பாருங்கள். மகனின் விரல் ஏறுவது ஒரு சோதனையே அல்ல.

சிக்னலைப் பற்றி. ஹட்டன் டவுனில் நின்று எந்தப் போனைப் பார்த்தாலும் கோடு நிறையத்தான் இருக்கும். கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கொம்பனியும் தன் இஷ்டத்துக்கு வரைகிறது. அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' என்ற பகுதியில், சிம் நிலை என்ற இடத்தில் சிக்னலின் வலுவைக் காட்டும் டிபிஎம் என்று ஓர் எண் இருக்கும், எதிர்க்குறியோடு. -85 என்றால் நல்ல சிக்னல். -110ஐத் தாண்டினால் தடுமாறும். -120 என்றால் பெயருக்குத்தான். மூன்று எண் வித்தியாசம் என்றால் வலு இரண்டு மடங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்க நினைக்கும் மொடல் லயத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ யாரிடமாவது இருக்கும். உங்கள் சிம்மை அதில் போட்டு, உங்கள் வீட்டில், உங்கள் ஜன்னலில் நின்று இந்த எண்ணைப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு இதைச் செய்துகாட்டி, வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த போனாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மலைப்பக்கத்தில் 900 மெகாஹெர்ட்ஸ் அலை 1800ஐவிட வளைந்து வந்து சேரும், தூரமும் போகும். போனின் விபரத்தில் 4ஜி அலைப் பட்டைகள் 3, 8 இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 8 என்பதுதான் அந்த 900. வேறு நாட்டுக்கென்று செய்த சில போன்களில் நம் வலையமைப்பின் 4ஜி வழியாகக் குரல் அழைப்பே போகாது. மணி அடித்ததும் 2ஜிக்கு இறங்கிவிடும், டேட்டா நின்றுவிடும்.

எங்கே வாங்கினாலும் காசு கொடுப்பதற்கு முன் *#06# என்று தட்டுங்கள். அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் வரும். குறுஞ்செய்தியில் ஐ.எம்.இ.ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பிறகு அந்த எண்ணைப் போடுங்கள். இதை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பெட்டியில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றா என்றும் ஒத்துப் பாருங்கள். ஐயாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு நிமிடம் கட்டாயம்.

காசு என்றதும் அக்காவின் கணக்கு நினைவுக்கு வருகிறது. சீட்டு எடுத்த பணமும் தீபாவளி முற்பணமும் சேர்த்து 55,000 ரூபாய் கொண்டுவந்திருந்தார். 2024இல் வர்த்தமானியில் வந்த அப்போதைய நாட்சம்பளம் 1,350 ரூபாய். "நாற்பது பேருக்கு மேலே தம்பி, அரைப் பேர் விழுந்த நாளைச் சேர்க்காமல்" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். இந்தக் கணக்கில் போனின் விலை மட்டும் போதாது. ஏ16இன் பெட்டியில் கம்பி மட்டுந்தான் இருக்கும், சார்ஜரைத் தனியே வாங்கவேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நடைபாதைச் சார்ஜரைச் செருகி, ஐப்பசி இடியில் போனோடு சேர்த்து எரித்தவர்கள் உண்டு. திரை உடைந்தால் இரண்டுக்கும் விலை கூடிய அமோலெட் திரைதான். மலிவான நகல் திரை போட்டால் நோட் 14இல் விரல்ரேகைக் கண் வேலைசெய்யாது. ஆகவே திரைக்கு மேல் ஒட்டும் கண்ணாடியும் ஓர் உறையும் ஆடம்பரம் இல்லை.

வருடம் முழுவதும் என்னிடம் வரும் இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. போன் புத்தம் புதிது, ஒரு கீறலில்லை, ஆனால் பூட்டிக்கிடக்கும். வாங்கிய அன்று கடைப் பையன் உதவி செய்கிறேன் என்று தானே ஒரு கூகுள் கணக்கை ஆரம்பித்து, தன் வாயில் வந்த கடவுச்சொல்லைப் போட்டிருப்பான். எட்டு மாதம் கழித்துப் பையன் கொழும்பில். கடவுச்சொல் அவனுக்கே நினைவில்லை. படங்களும் போய், தொடர்பு எண்களும் போய், உரிமையாளர் பற்றுச்சீட்டைத் தேடிக்கொண்டிருப்பார். கணக்கை உங்கள் பெயரில், உங்கள் கண்முன்னே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். எழுதக்கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். லயத்தில் திருடன் கிளினிக் கொப்பியைத் தேடுவதில்லை.

கடைசியாக ஜன்னல். போன் ஜன்னலில் இருக்கட்டும், சிக்னல் அங்கேதானே. சார்ஜ் போடுவதை மட்டும் அடுப்புக்கு எதிர்ச்சுவரில், உலர்ந்த இடத்தில், மாலையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். செருகுவதற்கு முன் வாயைத் துணியால் ஒற்றுங்கள், ஊதாதீர்கள். ஊதினால் எச்சில்தான் உள்ளே போகும்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகம் எங்கும் மண்சரிவு. பல தோட்டங்களில் நாட்கணக்கில் மின்சாரமில்லை, கோபுரங்களும் நின்றுபோயின. என் மேசை சேறு பிடித்த போன்களால் நிறைந்தது. டிசம்பரில் அந்தப் பிள்ளை தனியாக வந்தாள். போனுக்கு ஒன்றுமில்லை, மேல் கண்ணாடி மட்டும் வெடித்திருந்தது. சிக்னல் இல்லாத நாட்களில் போனை ஃபிளைட் மோடில் போட்டு, மணிக்கு ஒருமுறை மட்டும் திறந்து பார்த்து, மூன்று நாள் ஓட்டினாளாம். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனுக்கு மூன்றாம் நாள்தான் தகவல் போனது.

கண்ணாடியை மாற்றும்போது போனின் உறைக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. எங்கள் பழைய தாள்தான். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ஜன்னல் -108, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் -97, மாரியம்மன் கோயில் படி -91, பிள்ளைக் காம்பரா வாசல் -113. லயத்தில் இருபத்திரண்டு வீடு. எல்லோருக்கும் இதைப் பார்த்துச் சொல்லிவிட்டாளாம். கடைசி வீட்டுத் தாத்தா மட்டும் இன்னும் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுகிறாராம், அங்கே எத்தனை என்று அவள் இன்னும் பார்க்கவில்லை.