ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்முன் நெல்லுக் கணக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

காலபோக அறுவடை மும்முரமாக நடந்த ஒரு மாசி மாதக் காலையில், வன்னியில் ஏ9 வீதியோரத்து அரிசி ஆலை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தில் ஓடும் அங்கிருந்த கணினி, முதல் நாள் மாலை செய்த அப்டேட்டின் பின்னர் முகப்புத் திரைக்கு வராமல் கட்டளை வரியிலேயே நின்றது. பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) கோப்பு முறைமையில் டைம்ஷிப்ட் என்ற மென்பொருள் ஸ்னாப்ஷாட் (முறைமையின் அந்நேரத்து நிலையின் பதிவு) எடுக்கும்படி அதை அமைத்துக் கொடுத்தவன் நான்தான் என்பதால், மூன்று நாளுக்கு முந்திய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்படி தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். சற்று நேரத்தில் ஆலைக்காரர் மறுபடியும் எடுத்தார்: “தம்பி, கணினி வந்திட்டுது. ஆனா மூண்டு நாள் நெல்லு நிறுத்த கணக்கு ஒண்டையும் காணேல்லை.”

பிழை மென்பொருளுடையதன்று; என்னுடையது. டைம்ஷிப்ட் பயனரின் ஹோம் கோப்புறையை இயல்பாகவே தொடாமல் விடுவதால், நம் கோப்புகள் எல்லாம் பத்திரம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ஆலைக் கணக்கு இருந்தது ஒரு தரவுத்தளத்தில்; மரியாடிபி போன்ற தரவுத்தளங்கள் தம் தரவை ஹோமில் வைப்பதில்லை. வார் (/var) என்ற முறைமைக் கோப்புறைக்குள் வைக்கின்றன. மின்டின் வழக்கமான அமைப்பில் அது முறைமையுடன் ஒரே சப்வொலியூமில் (தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய உட்பகுதியில்) இருப்பதால், முறைமை பின்னே போகும்போது கணக்கும் சேர்ந்தே போகிறது. ஓபன்சூசே என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளம் வார் கோப்புறையைத் தனிச் சப்வொலியூமாகப் பிரித்து வைப்பது இதற்காகவே.

நல்ல காலம், பிடிஆர்எஃப்எஸ் முறையில் திரும்பும்போது டைம்ஷிப்ட் அப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாக வைத்துக்கொள்ளும். தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, அதிலிருந்து தரவுக் கோப்புறையை முழுமையாக எடுத்து வைத்தேன். மூன்று நாளும் மீண்டன. பின்னர் தரவுத்தளத்துக்கெனத் தனிச் சப்வொலியூம் அமைத்து, கணினி தொடங்கும்போது எவற்றை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் பதிந்தேன். இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு: இம்மாற்றத்துக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளில் பழைய எஃப்எஸ்டேப்பே இருக்கும், அவற்றுக்குத் திரும்பினால் புதிய சப்வொலியூம் இணைக்கப்படாது, பழைய கணக்கே மறுபடி தெரியும். ஆகையால் அவற்றை அழித்துவிட்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தோடு எடுத்த ஸ்னாப்ஷாட், மின்சாரம் திடீரென நின்ற கணத்து நிலையை ஒத்தது. வன்னியில் இதற்கு வேறு உவமை தேவையில்லை. மரியாடிபியின் இன்னோடிபி வகை அட்டவணைகள் தம் மாற்றப் பதிவேட்டைக் கொண்டு அந்நிலையிலிருந்து எழுந்துவிடும். மைஐசாம் வகை அட்டவணைகளுக்கு அந்த உறுதி இல்லை. கணினியைத் தொடக்கும் கோப்புகள் உள்ள பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்தால் அது ஸ்னாப்ஷாட்டில் சேராது என்பதையும் பாருங்கள்: புதிய கேர்னல் (இயங்குதளத்தின் கரு) அங்கேயே இருக்க, அதற்குரிய மொடியூல்கள் (துணைப் பகுதிகள்) மட்டும் பின்னே போய்விடும்.

இடம் குறைகிறதென்று பெரிய கோப்புகளை அழித்தாலும், அவற்றைப் பிடித்திருக்கும் ஸ்னாப்ஷாட் அழியும்வரை டிஸ்க்கில் இடம் திரும்பாது. அதே டிஸ்க் பழுதடைந்தால் ஸ்னாப்ஷாட்டுகளும் அதனுடனேயே போகும். அதனால் அந்த ஆலையில் இப்போது, மாலையில் தராசை மூடியதும் தரவுத்தளத்தின் டம்ப் (முழுப் பிரதி) ஒன்று பென் டிரைவில் எழுதப்படுகிறது. அதை ஆலைக்காரர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.