பூல் டேபிள் துணியில் சுருக்கமா? இழுத்துக் கட்டும் முன் அறையின் ஈரப்பதத்தை அளந்து பாருங்கள்

நேற்று வரை சரியாக ஓடிய பந்து இன்று முக்கால் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்தை, அதாவது கியூ பந்தை, பின்னால் வரவைக்க வழக்கத்தைவிட ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது. உள்ளங்கையைத் துணிமேல் வைத்து மெல்லத் தள்ளினால் விரல்களுக்கு முன்னால் சின்ன அலை ஒன்று எழுந்து ஓடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் டேபிள் வைத்திருப்பவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொல்வது ஒன்றுதான்: "துணி போச்சு, மாத்திடுங்க." மழைக்காலத்தில் இப்படி மெக்கானிக் பார்க்கப் போகும் டேபிள்களில் பலவற்றுக்குப் புதுத்துணியே தேவைப்படாது. துணி தண்ணீர் குடித்திருக்கும், அவ்வளவுதான்.

யாரும் கொட்டிய தண்ணீர் இல்லை, காற்றிலிருந்து வந்தது. நல்ல பூல் துணி என்பது கம்பளியும் நைலானும் கலந்தது, கம்பளிதான் பெரும்பங்கு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நீரை உள்ளே வைத்திருக்கும். அதே காற்றில் நைலான் பிடித்துக்கொள்வது 4 சதவீதம்தான். எடையில் 30 சதவீதம் வரை நீர் ஏறினாலும் கம்பளியைத் தொட்டால் ஈரம் தெரியாது. "தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது" என்ற பேச்சை இந்த விஷயத்தில் நம்பவே கூடாது.

ஒன்பது அடி டேபிளின் துணி ஏறக்குறைய இரண்டு கிலோ எடை இருக்கும். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்திலிருந்து 85க்கு ஏறினால் அந்தத் துணி 150 முதல் 200 மில்லி வரை நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு டம்ளர் தண்ணீர் துணி முழுக்கப் பரவி நிற்கிறது, கண்ணுக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை. தெரிவது பந்துக்குத்தான்.

நீர் ஏறிய கம்பளி இழை முக்கியமாகப் பருக்கிறது. குறுக்களவில் 16 சதவீதம் வரை கூடும். நீளத்தில் கூடுவது ஒரு சதவீத அளவுதான். ஆனால் நெசவுக்குள் இழைகள் வளைந்து வளைந்து கிடக்கின்றன. ஈரம் பட்டதும் அந்த வளைவுகள் கொஞ்சம் நிமிரும். அதனால் தனி இழை நீள்வதைவிடத் துணி அதிகமாக நீளும். காய்ந்தால் பழைய அளவுக்கே திரும்பும். இது தற்காலிக மாற்றம். துணியின் குறை அல்ல.

நீளும் அளவு சிறியதுதானே, அதற்கா இவ்வளவு சுருக்கம் என்று கேட்பார்கள். 30 செ.மீ. நீளத்தில் வெறும் 1 மி.மீ. துணி கூடுதலாகி, அது முழுவதும் ஒரே இடத்தில் வில்லாக வளைந்தால் அந்த மேடு 1 செ.மீ. உயரம் இருக்கும். நடைமுறையில் அது பரவிவிடுவதால் அவ்வளவு எழாது. ஆனாலும் துணி தளர்ந்ததும் பந்து தனக்கு முன்னால் ஒரு சிறு மடிப்பைத் தள்ளிக்கொண்டே உருள ஏன் வேண்டியிருக்கிறது என்பது இந்தக் கணக்கில் புரிந்துவிடும்.

ஆட்டத்தில் இது இப்படித் தெரியும். ஈரத் துணி பந்தைப் பிடிக்கும். கியூ பந்துக்குக் கொடுத்த பின்சுழற்சி வழியிலேயே தேய்ந்து, சறுக்கிப் போக வேண்டிய பந்து சீக்கிரமே உருள ஆரம்பித்துவிடும். டிரா ஷாட் (கியூ பந்து பின்னால் திரும்பி வரும் அடி) சாவது இதனால்தான். ஓரத்து ரப்பர் குஷனைச் சுற்றியிருப்பதும் அதே துணி என்பதால், பந்து பட்டுத் திரும்பும் கோணமும் வேகமும் மாறும். கியூ குச்சியின் நுனியில் தடவும் சாக் தூளும் ஈரத்தில் துணியோடு ஒட்டிக்கொள்ளும். சாக்கில் இருப்பது சாதாரணச் சுண்ணாம்பு இல்லை, சிலிக்காவும் அலுமினாவும். இரண்டும் அரம்போலத் தேய்ப்பவை. மாதக்கணக்கில் ஈரத்தோடு சேர்ந்து படிந்தால் துணி உள்ளிருந்தே தேயும். அந்தச் சேதம் காய்ந்தாலும் திரும்பாது.

சரி, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது? மழைதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏசி இருக்கும் அறைகளில் அதைவிடப் பெரிய எதிரி, ஏசியை நிறுத்தும் நேரம். துணிக்கு அடியில் கிடக்கும் ஸ்லேட் கல் ஒன்பது அடி டேபிளில் 250 கிலோவுக்கு மேல். மாலை முழுக்க 24 டிகிரியில் ஏசி ஓடினால் கல்லும் 24 டிகிரிக்கு வந்துவிடும். இரவு ஏசியை அணைத்துக் கதவைத் திறந்து வைத்தால், வெளியிலிருந்து 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்றில் உள்ள நீராவி 26 டிகிரியிலேயே நீராக மாறத் தொடங்கும். கல்லோ 24 டிகிரியில் கிடக்கிறது. அத்தனை எடையுள்ள கல் சூடேறப் பல மணி நேரம் ஆகும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதே வேலை துணிக்கு அடியில், யாரும் பார்க்காமல் நடக்கிறது. மறுநாள் மாலை ஏசி போட்டதும் துணி மறுபடி காய்கிறது. தினமும் ஒரு முறை நீண்டு, ஒரு முறை சுருங்கி, ஸ்டேப்பிள் அடித்த ஓரங்களில் நூல் நூலாகத் தளர்கிறது.

எப்போதும் 60 சதவீதத்தில் இருக்கும் அறையில் துணி நன்றாகவே உழைக்கும். பகலில் 45, இரவில் 85 என்று ஏறி இறங்கும் அறையில்தான் சீக்கிரம் கெடும். ஈரப்பத அளவைவிட அதன் ஏற்ற இறக்கத்துக்குப் பயப்படுங்கள். முடிந்தால் 20 முதல் 25 டிகிரி, 40 முதல் 55 சதவீதம். முடியாவிட்டால் இரவு பகல் வித்தியாசமாவது 10 சதவீதத்துக்குள் நிற்கட்டும்.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டாம். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) ஒன்று போதும். டேபிள் உயரத்திலேயே, ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். சுவரில் உயரே மாட்டினால் அது கூரையின் ஈரப்பதத்தைத்தான் சொல்லும். மலிவான கருவிகள் ஐந்து, ஆறு புள்ளி தவறாகக் காட்டுவது சாதாரணம்; சரிபார்க்க உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, உப்பு கரையாமல் சேறுபோல நனையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கருவி 80 காட்டினால் இனி எப்போதும் 5ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

பந்தின் வேகத்தையும் அளக்கலாம். 30 செ.மீ. நீள அலுமினிய எல்-ஆங்கிள் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனை துணியைத் தொட, மறு முனை ஒரே உயரக் கட்டைமேல் இருக்கும்படி சாய்த்து வையுங்கள். துடைத்த பந்தை எப்போதும் ஒரே குறியிலிருந்து கையால் தள்ளாமல் விடுங்கள். ஐந்து முறை உருட்டி, நின்ற தூரத்தின் சராசரியை எழுதி வையுங்கள். பிறகு எதிர்த்திசையிலும் ஐந்து. இரண்டு திசைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் டேபிள் மட்டம் சாய்ந்திருக்கலாம், அது வேறு வேலை. இரண்டு பக்கமும் ஒரேபோலக் குறைந்தால் ஈரம் அல்லது அழுக்கு.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சுருக்கத்தைப் பார்த்த அன்றே துணியை இழுத்துக் கட்டாதீர்கள். ஈரத்தில் நீண்டு கிடக்கும் துணியை விறைப்பாக இழுத்து ஸ்டேப்பிள் அடித்தால், வறண்ட காலம் வந்ததும் அது சுருங்கப் பார்க்கும். சுருங்க இடமில்லாதபோது பலவீனமான இடம் எதுவோ அது விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் பாக்கெட் வாயில் வெட்டி மடித்த மூலை கிழியும், இல்லையென்றால் ஸ்டேப்பிள் வரிசை பிடுங்கிக்கொள்ளும். மழைக்காலத்து அவசர வேலை வெயில்காலத்தில் கிழிசலாகத் திரும்பி வருவது இப்படித்தான். சில மெக்கானிக்குகள் இதைச் சொல்வதில்லை, இரண்டு வேலையும் அவர்களுக்கே வருவதால்.

முதலில் அறையை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்து 48 மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஏசியில் டிரை மோடு. கதவு ஜன்னல் மூடியிருக்க வேண்டும், டேபிள் கவரை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துத் துணியின் நடுவில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். பிடிக்கவே வராமல் நழுவினால் விறைப்பு திரும்பிவிட்டது. இன்னமும் எளிதாக மேலே எழுந்து வந்தால்தான் இழுக்க வேண்டும். அப்போது ரயில்களை, அதாவது குஷன் பொருத்திய ஓரச் சட்டங்களை, கழற்றித்தான் ஆக வேண்டும்; ஆறு ரயில் உள்ள டேபிளில் பொதுவாக ரயிலுக்கு மூன்று வீதம் 18 போல்ட். இழுப்பதற்கு முன் துணியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால், எந்த இடத்தில் எவ்வளவு வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். நடுவிலிருந்து மூலைகளை நோக்கிப் போங்கள். ஒரு மூலையில் மட்டும் கூடுதலாக இழுத்தால், பந்து அந்தப் பக்கம் மெல்ல வளைந்து ஓடும்.

ரயிலைக் கழற்றியதும் பழைய ஸ்டேப்பிள்களைப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் அடியில் ஈரம் நின்றதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ரயிலுக்கு அடியில், வெளிச்சம் படாத இடுக்கில் மணல்போலத் துகள்களும் அரித்த ஓட்டைகளும் தெரிந்தால் அது அந்துப்பூச்சியின் வேலை. புழுவுக்குக் கம்பளிதான் சாப்பாடு. ஸ்லேட் துண்டுகளின் இணைப்பில் பூசிய பிளாஸ்டரோ தேன்மெழுகோ பொடிந்திருக்கிறதா என்றும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

நல்ல எண்ணத்தில் செய்யும் தவறுகள் சில உண்டு. சுருக்கம் போகட்டும் என்று துணிமேல் தண்ணீர் தெளிப்பதும் நீராவி இஸ்திரி போடுவதும் அதில் மோசமானது. நெய்து முடிக்கும்போது துணிக்குள் அடங்கியிருந்த இழுவிசை, முழுக்க நனைந்தால் விடுபட்டு, துணி நிரந்தரமாகச் சுருங்கும். டேபிளில் அது ஓர் இடத்தில் மட்டும் நடந்தால் அந்த வட்டம் காலத்துக்கும் தெரியும். மேலே ரோமம் நிற்கும் ஸ்னூக்கர் துணிக்கு இஸ்திரி உண்டுதான். ஆனால் அது உலர் இஸ்திரி. முதலில் பிரஷ், பிறகு ரோமம் படியும் திசையிலேயே பெட்டி, நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்த்துக் காகிதம் பழுப்பேறினால் சூடு அதிகம். ரோமம் இல்லாத வொர்ஸ்டட் (சீவி முறுக்கிய கம்பளி நூலில் நெய்த) பூல் துணிக்கு இந்த வேலையே வேண்டாம். வேக்குவமும், நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியும் போதும். பானம் கொட்டிவிட்டால் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு மின்விசிறிக் காற்று. ஹேர் டிரையரைக் கிட்டே பிடித்தால் அந்த இடம் மட்டும் அவசரமாகக் காய்ந்து இறுகும்.

தரை துடைப்பதும் கணக்கில் வரும். 90 கன மீட்டர் அறையில், 25 டிகிரியில், ஈரப்பதத்தை 50லிருந்து 80க்கு ஏற்றத் தேவையான நீர் சுமார் 600 மில்லி. மூடிய அறையில் ஈர மாப் போட்டுவிட்டுப் போனால் தரையில் காயும் தண்ணீர் அத்தனையும் காற்றுக்குத்தான் போகும். அதற்கு மேல் டேபிளில் ரெக்சின் கவரையும் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூசண வாடை வரும். மாப் காலையில், கதவு திறந்திருக்கும்போது. தரை காய்ந்த பிறகு காற்றுப் போகும் துணி கவர். ஏசியை நிறுத்தினால் கதவை மூடிவிடுங்கள். முடிந்தால் ஏசியை 27, 28 டிகிரியில் இரவும் விட்டுவைப்பது, அல்லது டீஹியூமிடிஃபையரை மட்டும் ஓட்டுவது.

ஈரத்தை விரட்ட டேபிளுக்கு அடியில் ரூம் ஹீட்டர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் டேபிள்களின் ஸ்லேட்டை அடியிலிருந்து சூடாக்குவது உண்மை. போட்டி ஸ்னூக்கர் டேபிள்களுக்கும் ஹீட்டர் உண்டு. ஆனால் அவை கல் முழுக்க ஒரே சீராக, குறைந்த சூட்டில் வேலை செய்பவை. ரூம் ஹீட்டர் ஓரிடத்தில் மட்டும் அடித்தால் மரச் சட்டம் வளையும், ஸ்லேட் இணைப்பில் தேன்மெழுகு பூசியிருந்தால் அது இளகி, மெல்லிய துணிக்கு அடியில் மேடு பள்ளம் தட்டும்.

மறுபக்கமும் உண்டு. 30 சதவீதத்துக்குக் கீழே போனால் துணி அதிகம் விறைத்து, பந்து கட்டுக்கடங்காமல் சறுக்கும். நிலைமின்சாரத்தால் தூசி பந்தில் ஒட்டும். ரயில் மரம் சுருங்கிப் போல்ட் தளரும். குஷனில் பந்து பட்டதும் "டொக்" என்று மந்தமான சத்தம் கேட்டால் அந்த ரயிலின் போல்ட்டை முதலில் பாருங்கள், ரப்பரைக் குறை சொல்வது அப்புறம்.

புதுத்துணி வாங்கும்போது "தண்ணீர் ஒட்டாத பூச்சு" என்ற வார்த்தையில் ஏமாந்துவிட வேண்டாம். அந்தப் பூச்சு கொட்டிய பானத்தை முத்து முத்தாக நிறுத்தும், அதில் பொய்யில்லை. நீராவியை நிறுத்தாது. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வழியே இல்லாத அறைக்கு, ரோமம் இல்லாத, நெருக்கமாக நெய்த, நைலான் பங்கு சற்றே கூடிய வொர்ஸ்டட் துணி பரவாயில்லை. வந்த உடனே டேபிளில் ஏற்றாமல், ரோலைப் பிரித்து அதே அறையில் ஒரு நாள் விரித்து வையுங்கள். துணி கட்டி முடித்ததும் தேதி, அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம், பந்து ஓடிய தூரம் இந்த நான்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டேபிளின் அடிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை சுருக்கம் தெரியும்போது முதலில் குனிந்து பார்க்க வேண்டியது அந்த ஸ்டிக்கரைத்தான்.