மாசைத் தாங்கும் மரம் எது?

தொழிற்சாலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் மரம் நட ஆலோசனை சொல்வது என் தொழில். போகிற இடமெல்லாம் முதலில் கேட்பது, "சார், புகையை நல்லா இழுக்குற மரம் எது?" என்றுதான். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மாசில் பட்டுப்போகாமல் நிற்பது ஒன்று, காற்றில் இருக்கும் மாசைக் குறைப்பது இன்னொன்று. இரண்டையும் எல்லா மரமும் செய்துவிடாது.

தாங்குதிறனுக்கு ஒரு கணக்கு உண்டு. 1983-ல் சிங், ராவ் என்ற ஆய்வாளர்கள் கொடுத்தது. இலையில் உள்ள வைட்டமின் சி, பச்சையம், இலைச்சாற்றின் அமில காரத் தன்மை, நீர்ச்சத்து நான்கையும் அளந்து ஒரே எண்ணாக்குவார்கள். புகையில் இருக்கும் கந்தக டைஆக்சைடு வாயு இலைக்குள் நுழைந்ததும் அங்குள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகி, பச்சையத்தைச் சிதைக்கும். அந்தச் சேதத்தை மட்டுப்படுத்துவதில் வைட்டமின் சி-க்குப் பெரிய பங்கு. ஆல், அரசு, மா போன்றவை பல ஆய்வுகளில் நல்ல எண் வாங்கியிருக்கின்றன. ஆனால் பட்டியலைப் பார்த்து மட்டும் கன்று வாங்காதீர்கள். ஒரே மரம் மழைக்காலத்தில் ஒரு எண் காட்டும், கோடையில் வேறு எண் காட்டும். ஊருக்கு ஊரும் மாறும்.

மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வட இந்தியாவில் செங்கல் சூளைகளை ஒட்டிய தோப்புகளில் மாங்காயின் நுனி மஞ்சளாகி, பிறகு கருத்துப்போகும். பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, சூளைப் புகைதான் காரணம். மரம் என்னவோ பச்சையாகத்தான் நிற்கும். அது நன்றாக இருக்கிறது என்று அந்தத் தோப்புக்காரரிடம் யார் சொல்வது?

எனக்குப் பிடித்த உதாரணம் அரளி. நெடுஞ்சாலை நடுவில் வரிசையாகப் பூத்து நிற்கிறதே, அதேதான். மரம் என்று சொல்ல முடியாது, பெருஞ்செடி. அதன் இலைத்துளைகள், அதாவது இலை மூச்சுவிடும் துளைகள், மேலே திறந்து கிடப்பதில்லை. இலையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகளுக்குள், மயிரிழைகளுக்கு நடுவே பதுங்கியிருக்கும். லாரிப் புகையும் தூசியும் நேரே போய் அடைக்க முடியாது, தண்ணீரும் அதிகம் வீணாகாது. செடி முழுக்க நஞ்சு என்பதால் ஆடு மாடும் பெரும்பாலும் கடிக்காது. அதனாலேயே, பள்ளிக்கூடத்துக்கோ குழந்தைகள் விளையாடும் இடத்துக்கோ கேட்டால் நான் அரளி தரமாட்டேன்.

தூசியைப் பிடிக்க வேண்டுமென்றால் சொரசொரப்பான, மயிர் படர்ந்த இலைகள் நல்லது. ஆனால் பிடித்த தூசி அங்கேயே கரைந்துவிடாது. மழை கழுவினால் தரைக்கு வரும். தரை வெறும் மண்ணாகக் கிடந்தால் அடுத்த காற்றில் திரும்பப் பறக்கும். அதனால் மரத்தடியில் புல்லோ படரும் செடியோ வேண்டும். சிமென்ட் தூசி இன்னும் மோசம். பனி ஈரம் பட்டால் இலைமேல் ஓடுபோல இறுகிவிடும், விரலால் தேய்த்தாலும் போகாது.

அப்புறம், இலையில் தெரிவதெல்லாம் மாசு இல்லை. புங்க இலையில் முண்டு முண்டாக இருப்பதைப் படம் எடுத்து அனுப்பி, "புகையாலயா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்யும் வேலை. அதற்காக மரத்தை வெட்டாதீர்கள்.

இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள், நடுவே வண்டி நெரிசல் என்றிருக்கும் குறுகிய தெருவில் மேலே கூரைபோல் மூடும் மரங்களை அடர்த்தியாக நட்டால் புகை வெளியேற வழியில்லாமல் கீழேயே தங்கிவிடும். அங்கே இடைவெளி விட்டு, குறுகலாக வளரும் மரங்களாக நடுவது நல்லது.

எந்த மரமானாலும் வேரில் தண்ணீர் இறங்கினால்தான் அந்த நீர்ச்சத்துக் கணக்கு நிற்கும். நடைபாதை போடும்போது அடிமரம் வரைக்கும் கான்கிரீட் ஊற்றிவிடுகிறார்கள். 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது அந்த ஒரு மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். கலவை ஊற்றுவதற்கு முன்பே கேளுங்கள், காய்ந்த பிறகு உடைத்தால் வேரும் சேர்ந்து அடிபடும்.