மொபைலில் படித்த ஸ்வயம் கோர்ஸுக்கு கிரெடிட் வாங்குவது எப்படி?

போன வருடம், மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில் சேர்ந்த ஒரு மூன்றாமாண்டு மாணவி, 12 வாரமும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மொபைலிலேயே வீடியோ பார்த்து, என்பிடெல் (ஸ்வயத்தில் ஐஐடி போன்ற நிறுவனங்கள் நடத்தும் கோர்ஸ்கள்) தேர்வில் 71 மார்க் வாங்கி, சான்றிதழை லேமினேட் வேறு செய்து கல்லூரி ஆபீசில் கொடுத்தார். "முன்னாடியே எழுதிக் கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டு அப்படியே திருப்பி நீட்டிவிட்டார்கள். அவருக்கு அப்படி ஒரு கடிதம் உண்டு என்பதையே யாரும் சொல்லவில்லை.

விதி என்னவோ தாராளமானதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2021 ஒழுங்குமுறைப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம், முன்பு 20 தான். இதில் "வரை" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆபீஸ்கள் காலத்தை ஓட்டுகின்றன. எந்தெந்த கோர்ஸ் செல்லும் என்று முடிவு செய்வது உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும். பட்டியலில் இல்லாததைப் படித்தால் அறிவு வரும், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் வராது.

அதனால் செமஸ்டர் தொடங்கும்போதே கோர்ஸ் பெயர், வாரம், எந்தப் பாடத்துக்குப் பதிலாக என்பதையெல்லாம் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். "படிச்சிட்டு வாப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். நம்பாதீர்கள். என்பிடெல்லில் 12 வாரத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, உங்கள் பாடம் 3 கிரெடிட் என்றால் 8 வார கோர்ஸ் எடுத்துப் பயனில்லை.

அடுத்த பொறி, கோர்ஸில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. முதலாவது இலவசம், இரண்டாவதற்குத் தனிப் படிவம், கட்டணம், கடைசித் தேதி எல்லாம் உண்டு. இரண்டிலும் ஒரே மின்னஞ்சலைக் கொடுங்கள், அண்ணன் போனில் சேர்ந்துவிட்டு உங்கள் ஐடியில் பணம் கட்டினால் அசைன்மென்ட் மார்க் உங்கள் கணக்கில் சேராது. தேர்வையும் மொபைலில் எழுத முடியாது, மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 தனித்தனியாக வாங்கினால்தான் சான்றிதழ். தேர்வில் 60 எடுத்தும் அசைன்மென்ட்டில் 8 என்றால் கிடையாது. கெடு நாள் இரவு சிக்னலை நம்பி உட்காராமல், முன்கூட்டியே ஒருமுறை அனுப்பிவிடுங்கள், கெடு முடியும்வரை திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. அனுப்பியதும் ஸ்கிரீன்ஷாட்.

சான்றிதழைக் கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் தேதியோடு "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.