சார்ட் என்றால் விளக்கப்படம் இல்லை

"கூடை வழக்கு நவீன பாறை தடங்கள் விளக்கப்படத்தில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது, ஐக்கிய இராச்சிய ஒற்றையர் விளக்கப்படத்தில் ஏழாம் இடத்தை எட்டியது."

இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்து, போன வாரம் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் வந்த கட்டுரையில் இருந்த வரி இது. ஒற்றையர் என்றதும் டென்னிஸ் என்று நினைத்தேன், வழக்கு என்றதும் கோர்ட் விவகாரமோ என்று பார்த்தேன். கடைசியில் அது கிரீன் டே என்ற அமெரிக்க ராக் இசைக் குழுவின் 'பேஸ்கெட் கேஸ்' பாட்டு. 1994இல் வந்தது. பங்க் இசையின் வேகத்தோடு, கூடவே பாட முடிகிற மெட்டையும் சேர்த்துக்கொண்ட பாப் பங்க் வகை. ராக் பாறை ஆனதையும் சிங்கிள் ஒற்றையர் ஆனதையும் யார் பார்த்தாலும் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். சார்ட்டுக்குப் போட்ட விளக்கப்படத்தை யாரும் திருத்துவதில்லை, ஏனென்றால் அது பார்க்க ஒழுங்கான தமிழ் போலவே இருக்கிறது. இதோடு எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாப்பிரஸ் தாளுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் கார்த்தேஸ். அது லத்தீனில் கார்தா ஆகி, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போய்ச் சார்ட் ஆனது. கார்டு என்ற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளைதான். முதலில் மாலுமிகளின் கடல் வரைபடம், அப்புறம் தகவலை வரிசைப்படுத்தி எழுதிய தாள், 20ஆம் நூற்றாண்டில் எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்கிற பட்டியல். அடிப்படை தாள்தான், படம் இல்லை.

இது நம் ஊர் ஸ்டேஷனரி கடைக்காரருக்குத் தெரியும். "அண்ணே, மஞ்ச கலர்ல ஒரு சார்ட்" என்று கேட்டால் வெறும் பெரிய தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுத் தருவார். அதில் படம் வரைவது வீட்டுக்குப் போய் நம் பாடு. ரயிலில் போகிறவர்களுக்கும் தெரியும். வெயிட்டிங் லிஸ்ட்டில் 23இல் இருந்த டிக்கெட் 7க்கு வந்துவிட்டது, இன்னும் சார்ட் போடவில்லை என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் போய் "விளக்கப்படம் தயாராகிவிட்டதா" என்று கேட்டுப் பாருங்கள். ரயில்வே சார்ட் ஒரு பட்டியல், பாட்டுச் சார்ட்டும் ஒரு பட்டியல்தான்.

1952 நவம்பரில் பிரிட்டனின் முதல் பாட்டுப் பட்டியல் எப்படி வந்தது தெரியுமா? நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையிலிருந்து பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு, எது அதிகம் விற்றது என்று கேட்டுக் கூட்டிப் போட்டார். முதல் 12 இடங்கள், அவ்வளவுதான். கோடு இல்லை, கட்டம் இல்லை, விளக்குவதற்கு ஒரு படமும் இல்லை.

சரி, ஒரு சொல்தானே என்று விட்டுவிடலாமா என்றால், விட முடியாது. இந்தப் பாட்டின் கதையே எந்தப் பட்டியல் எதை எண்ணுகிறது என்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகையின் 'மாடர்ன் ராக் டிராக்ஸ்', அந்த வகை இசை போடும் வானொலி நிலையங்களில் பாட்டு எவ்வளவு ஒலித்தது என்று மட்டும் அப்போது பார்த்தது. அதில் 'பேஸ்கெட் கேஸ்' ஐந்து வாரம் முதலிடம். அதே பத்திரிகையின் புகழ்பெற்ற 'ஹாட் 100' பட்டியலில் அது நுழையவே இல்லை. ஏன்? அந்தக் காலத்து விதிப்படி கடையில் சிங்கிளாக விற்கப்படும் பாட்டுக்குத்தான் ஹாட் 100இல் இடம். அங்கே இந்தப் பாட்டைத் தனியாக விற்கவில்லை, வேண்டுமென்றால் 'டூக்கி' ஆல்பத்தை முழுசாக வாங்கிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். ஜனங்களும் வாங்கினார்கள், அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். பல வகை நிலையங்களையும் சேர்த்து எண்ணிய 'ஹாட் 100 ஏர்ப்ளே' பட்டியலில் பாட்டுக்கு 26ஆம் இடம். பிரிட்டனிலோ அப்போது கடை விற்பனைதான் கணக்கு, அங்கே 1995 தொடக்கத்தில் 7. நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' இதைவிடக் கொடுமை, ஏர்ப்ளே பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100 பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. 1998 டிசம்பரில்தான் விதியை மாற்றினார்கள். இப்போது இத்தனைக்கும் சேர்த்து 'விளக்கப்படம்' என்று ஒரே சொல்லைப் போட்டு, "விளக்கப்படத்தில் முதலிடம், ஆனால் விளக்கப்படத்தில் இடம்பெறவில்லை" என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? ஏர்ப்ளேயை அதே கட்டுரை 'வான்வழி விளையாட்டு' என்றது. பட்டம் விடுகிறார்களா என்ன? வானொலியில் ஒலிபரப்பான அளவு என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

விளக்கப்படத்தை விட்டால் அடுத்தது அட்டவணை. இதற்குப் படித்தவர்கள் கட்சி கட்டிக்கொண்டு வருகிறார்கள், அதனால் இதோடுதான் எனக்குச் சண்டை அதிகம். அட்டவணை நல்ல சொல், பழகிய சொல். ஆனால் நாம் அதை எங்கே பயன்படுத்துகிறோம்? கால அட்டவணை, தேர்வு அட்டவணை, தனிம அட்டவணை. எல்லாம் கட்டம் போட்டு, எது எங்கே என்று சொல்லி முடித்த சமாசாரம். திங்கள் காலை கணக்கு வகுப்பு என்றால் வருஷம் முழுக்கத் திங்கள் காலை கணக்கு வகுப்புதான், அது இந்த வாரம் மூன்று இடம் ஏறி அடுத்த வாரம் ஐந்து இடம் சறுக்குவதில்லை. பாட்டுப் பட்டியலின் உயிரே ஏறுவதும் இறங்குவதும். அது அந்தச் சொல்லில் இல்லை. "பட்டியல் என்றே சொல்லலாமே" என்பார்கள். சொல்லலாம், ஆனால் மளிகைப் பட்டியலில் பருப்பு முதலில் இருந்தால் பருப்பு ஜெயித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இதில் வேடிக்கை, சரியான சொல் நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் தினமும் வருகிறது. டெஸ்ட் தரவரிசையில் இந்த அணி முதலிடம், டென்னிஸ் தரவரிசையில் அவர் மூன்று இடம் பின்தங்கினார். விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர் யாரிடமும் கேட்காமல் இயல்பாக எழுதிவிடுகிறார், இசைச் செய்தி எழுதுகிறவர் எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மொழிபெயர்ப்புக் கருவி தரும் முதல் விடையை அப்படியே ஒட்டுகிறார்.

தரவரிசைக்கும் ஒரு மறுப்பு உண்டு. தரம் என்றால் உயர்வு தாழ்வு, அதிகம் ஒலித்த பாட்டு தரமான பாட்டு என்று ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், வாராவாரம் முதலிடம் பிடிப்பதைக் கேட்டால் எனக்கே அந்தச் சந்தேகம் வரும். ஆனால் ஏலக் கடை வாசலில் நின்றிருக்கிறீர்களா? "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." அங்கே தரம் என்றால் தடவை. வானொலியில் எத்தனை தரம் ஒலித்தது என்று எண்ணிப் போட்ட வரிசைக்குத் தரவரிசை என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இது நானாக இழுத்துப் பொருத்தும் விளக்கம், சொல் அப்படிப் பிறந்தது என்று சாதிக்க மாட்டேன்.

வரிசை என்பதும் வெறும் கியூ இல்லை. புறநானூற்றில் கபிலர் மலையமான் திருமுடிக்காரி என்ற குறுநில மன்னனிடம் "வரிசை அறிதலோ அரிதே" என்கிறார். எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பது சுலபம், யார் எந்த அளவு தகுதி உடையவர் என்று அறிந்து கொடுப்பதுதான் கஷ்டம், புலவர்களை ஒரே கண்ணால் பார்க்காதே என்பது பாட்டு. பாடுகிறவர்களை மேலே கீழே வைப்பது பற்றி இவ்வளவு பழைய சொல் கையில் இருக்கும்போது, பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் மனித எலும்புக்கூட்டுப் படத்தின் பெயரை எடுத்து ஏன் மாட்டுகிறோம் என்று புரியவில்லை.

சிங்கிளைச் சிங்கிளாகவே விட்டேன். தனிப்பாடல் என்றால் தனிப்பாடல் திரட்டுதான் என் நினைவுக்கு வரும், தவிர 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' எப்போது வரும் என்று சினிமா ரசிகர்கள் தேதி குறித்துக் காத்திருக்கும் ஊரில் அதற்கு உரை தேவையில்லை. வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "'பேஸ்கெட் கேஸ்' அமெரிக்க மாடர்ன் ராக் வானொலித் தரவரிசையில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது, பிரிட்டன் சிங்கிள் விற்பனைத் தரவரிசையில் ஏழாம் இடம் வரை வந்தது."

திரும்பி வந்த படியில் தரவரிசை தப்பித்திருந்தது. பாட்டின் பெயர் மட்டும் மறுபடியும் கூடை வழக்கு.