ஆறு மூட்டை நன்றாக இருந்தால் இருபத்தைந்தும் நன்றாக இருக்குமா?

போன மழைக்காலத்தில், கடலை மிட்டாய் போடும் ஒருவர் பதறிப்போய் அழைத்தார். 25 மூட்டை நிலக்கடலைப் பருப்பு இறக்கியிருக்கிறார். ஆறு மூட்டையில் குத்தூசி போட்டு சாம்பிள் எடுத்து, லேபில் கொடுத்து, சுத்தம் என்று ரிப்போர்ட் வந்த பிறகே பணம் கொடுத்திருக்கிறார். வறுக்க எடுத்தபோது வேறு மூன்று மூட்டைகளில் பூஞ்சை.

"ஆறு மூட்டை குத்திப் பார்த்தோமே சார், ஒண்ணுலகூட ஒண்ணும் இல்லையே! லேப்ல தப்பு பண்ணிட்டாங்களா?"

லேப் தப்புப் பண்ணவில்லை. உணவுத் தரப் பரிசோதனை வேலையில் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். ஆறு என்பது தொழிலில் பழகிப்போன கணக்கு: மூட்டைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்று கூட்டுவது. 25-க்கு 5, கூட்டினால் 6. அந்த ஆறில் கெட்டது சிக்காமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடக் கணக்குதான். கெட்ட மூட்டைகளின் பக்கம் நின்று யோசித்தால் இன்னும் சுலபம். நாம் தொடாத மூட்டைகள் 19. முதல் கெட்ட மூட்டை அந்த 19-க்குள் இருக்க வாய்ப்பு 19/25. அது ஓர் இடத்தைப் பிடித்துவிட்டதால் அடுத்ததற்கு 18/24. மூன்றாவதற்கு 17/23. மூன்றையும் பெருக்கினால் சுமார் 0.42. அதாவது, மூன்று மூட்டை கெட்டுக் கிடக்கும்போதும் நூற்றுக்கு 42 தடவை நம் கைக்கு ஆறும் நல்லதாகவே வரும்.

மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைவதைக் கவனியுங்கள். பார்த்த மூட்டையைத் திரும்பக் கலந்துவிட்டு எடுப்பதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் 25-ல் நல்லது 22 என்பதால், 22/25-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். 46 சதவீதம் வரும். நாம் அப்படி எடுப்பதில்லை. பார்த்ததை ஓரமாக வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறோம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. சாம்பிளில் ஒரு மூட்டை கெட்டதாக வந்தால், "அதை மட்டும் தள்ளி வெச்சிட்டு மத்ததை ஏத்துங்க" என்பார்கள். இதே 25-ல் மூன்று கணக்கில், ஆறு எடுத்தால் சரியாக ஒன்று மட்டும் சிக்க வாய்ப்பு 45 சதவீதம். மூன்றுமே சிக்க ஒரு சதவீதம்கூட இல்லை. சிக்கியதை மட்டும் தள்ளினால், மிச்சத்தில் கெட்டது இருக்கும் என்பது ஏறக்குறைய நிச்சயம். ஒன்று சிக்கினாலே எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

"பத்துக்கு ஒண்ணு பார்த்தா போதும்" என்பதும் அப்படித்தான். பத்தில் ஒரு பங்கு கெட்ட சரக்கு என்று வைத்துக்கொள்வோம். 10 மூட்டையில் ஒன்றைப் பார்த்தால் கெட்டது எதுவும் சிக்காமல் தப்ப வாய்ப்பு 90 சதவீதம். 100-ல் பத்தைப் பார்த்தால் 33 சதவீதம். 1000-ல் நூறைப் பார்த்தால் தப்புவது லட்சத்தில் மூன்றுக்கும் கீழே. சின்ன வியாபாரிக்குத்தான் இந்த விதி துரோகம் செய்கிறது.

நிலக்கடலையில் இது வெறும் நஷ்டக் கணக்கு இல்லை. ஈரத்தில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நஞ்சு இது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஒரே மூட்டைக்குள்ளும் சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும் என்பதால், ஒரு பிடி அள்ளிப் பார்ப்பது எதையும் சொல்லாது.

மேலே போட்ட கணக்கெல்லாம் கண்மூடி எடுத்தால்தான் பொருந்தும். லாரியின் பின்கதவு ஓரம் கைக்கு எட்டும் ஆறு மூட்டையைக் குத்தினால் அது சாம்பிளே இல்லை. தார்ப்பாய் கிழிந்து நனைந்தது அடி வரிசையாக இருக்கலாம். இறக்கும்போதே சாக்கில் எண் எழுதி, சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

அவரிடம் இன்னொரு கணக்கும் சொன்னேன்: மூன்று கெட்ட மூட்டைகளும் தப்பும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போக 25-ல் 16 மூட்டையைத் திறக்க வேண்டும். "பதினாறா?" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே சொன்னார், பதினாறு திறக்கிற நேரத்தில் இருபத்தைந்தையும் திறந்துவிடலாமே என்று. இப்போது ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். லோடு வந்தால் ஒரு மூட்டை விடாமல் பார்த்துவிட்டுத்தான் லேபுக்கு சாம்பிள் அனுப்புகிறார்.