கிளிக்குக்கு 2 ரூபாய் வைத்தால் என்ன கிடைக்கும்?

போன ஆடி மாதம் சிம்மக்கல்லில் கல்யாண சமையல் ஒப்பந்தம் எடுக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, கூகுள் விளம்பரம் நமக்குச் சரிப்பட்டு வராது போல. ஒன்றரை மாசமா காசு போகுது, உருப்படியா ஒரு போன் வரல" என்றார். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் சிறு வியாபாரிகளுக்கு விளம்பரக் கணக்கு பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். நேரில் போனேன். பாத்திரங்கள் அடுக்கியிருந்த அறையில் உட்கார்ந்து அவருடைய கணக்கைத் திறந்தேன்.

140 கீவேர்டு இருந்தன; எந்தெந்தச் சொற்களைத் தேடினால் நம் விளம்பரம் வர வேண்டும் என்று கொடுக்கும் பட்டியல் அது. எல்லாவற்றுக்கும் ஒரே பிட் (ஒரு கிளிக்குக்கு நாம் கேட்கும் ஏல விலை), 2 ரூபாய். யூடியூபில் யாரோ சொன்னார்களாம்: கீவேர்டை அள்ளிப் போடு, விலையை அடியில் வை, மலிவாகக் கிளிக் கொட்டும் என்று. ஒவ்வொரு கீவேர்டுக்கும் எதிரே, முதல் பக்கத்தில் வருவதற்கு இந்த பிட் போதாது என்ற குறிப்பு நின்றது. அந்தப் பத்தியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்படியானால் காசு எங்கே போனது? தேடல் விளம்பரம் அமைக்கும்போது சர்ச் பார்ட்னர்ஸ் (கூகுளோடு சேர்ந்த மற்ற தேடல் தளங்கள்), டிஸ்ப்ளே நெட்வொர்க் (விளம்பரம் காட்டும் மற்ற தளங்களும் ஆப்களும்) என்று இரண்டு கட்டங்கள் வரும். இரண்டிலும் டிக் விழுந்திருந்தது. கூகுள் தேடலில் 2 ரூபாய்க்கு இடம் கிடைக்காத விளம்பரம், அந்த விலைக்கு எங்கே இடம் உண்டோ அங்கே போய்விட்டது. எங்கெங்கே காட்டப்பட்டது என்ற பட்டியலை அவரிடம் காட்டினேன். பலூன் உடைக்கும் விளையாட்டு, டார்ச் லைட் ஆப், நிறம் தீட்டும் ஆப். பேரப்பிள்ளை கையில் போன் இருந்தால் விரல் எங்கே படும் என்று நமக்குத் தெரியாதா? 500 இலைக்குச் சமைக்கிறவரின் விளம்பரத்தைத் தொட்டதில் எத்தனை பேர் ஐந்து வயதுக் குழந்தைகளோ! அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

விலையை அடியில் வைக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 1998-ல் கோட்டு டாட் காம் என்ற தேடல் தளம்தான் கிளிக்குக்கு ஏலம் கேட்கும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அங்கே அதிக விலை கேட்டவர் மேலே. போட்டியில்லாத சொல்லாக இருந்தால் சில்லறைக் காசு போதும். 2002-ல் கூகுள் கிளிக் ஏலத்தைத் தொடங்கியபோது குறைந்தபட்ச பிட் 5 சென்ட். அந்தக் காலத்து யோசனையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எல்லாருக்கும் பொதுவான அடிமட்ட விலை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தேடலுக்கும் தனி ஏலம் நடக்கிறது. உங்கள் பிட், விளம்பரத்தின் தரம், தேடியவர் எங்கிருந்து எந்த நேரத்தில் எந்தக் கருவியில் தேடினார் என்பதையெல்லாம் சேர்த்து ஆட் ரேங்க் என்ற மதிப்பு வருகிறது. அது ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாவிட்டால், பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் உங்கள் விளம்பரம் வராது. "போட்டிக்கு ஆளே இல்லையே, ஏன் என்னுது வரல?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு அதிகாலையில் போயிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மொக்காக இருக்கும் மல்லிகைக்கு ஒரு விலை. வெயில் ஏறி மலர்ந்த பிறகு அதே பூவுக்கு வேறு விலை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விலை வேறு எங்கோ போய் நிற்கும். என்ன விலை ஓடுகிறது என்று விசாரிக்காமல் வீட்டிலிருந்தே ஒரு விலையை முடிவு செய்துகொண்டு போகிறவருக்கு, மற்றவர்கள் ஒதுக்கிய பூதான் மிஞ்சும்.

பிட் வைக்கப் பயப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வைக்கும் தொகை உச்ச வரம்பு, அவ்வளவுதான். உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்டுவதற்கு எவ்வளவு தேவையோ அதைத்தான் எடுப்பார்கள். 15 ரூபாய் வைத்தால் 9 ரூபாய் போகலாம், 14 ரூபாயும் போகலாம். விளம்பரத்தின் தரம் கூடினால் அதே இடம் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

அப்புறம், எவ்வளவு வைப்பது? இதற்குக் கூகுளிடம் கேட்பதற்கு முன் உங்கள் கணக்கு நோட்டைக் கேளுங்கள். அண்ணனோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டோம். ஒரு கல்யாண ஆர்டரில் செலவெல்லாம் போகக் கையில் நிற்பது 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். அதில் 3,000 ரூபாயை விளம்பரத்துக்குக் கொடுக்கலாம் என்றார். 100 கிளிக்கில் 5 பேர் போன் செய்வார்கள், 10 போனில் ஒரு ஆர்டர் முடியும் என்றால், ஒரு ஆர்டருக்கு 200 கிளிக் வேண்டும். 3,000-ஐ 200-ஆல் வகுத்தால் கிளிக்குக்கு 15 ரூபாய்.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். விளம்பரத் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வெளியிடங்களில் சமைத்துக் கொடுப்பவர்கள் பொதுவாக 5 சதவீத வரியில் இருப்பார்கள். அவர்களால் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது; அதாவது, செலவில் கட்டிய வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அந்த 18 சதவீதம் முழுக்கக் கைக்காசு. வரியும் சேர்ந்து 15 ரூபாய்க்குள் அடங்க வேண்டும் என்றால், 15-ஐ 1.18-ஆல் வகுக்க வேண்டும்; அது 12 ரூபாய் 70 காசாக இறங்கிவிடுகிறது. எங்கள் பிட் அதுதான். உங்கள் தொழிலில் இது 4 ரூபாயாகவும் இருக்கலாம், 60 ரூபாயாகவும் இருக்கலாம். நீங்களே போட்ட கணக்காக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

குறைந்த பிட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பலன் தரும் இடங்கள் உண்டு. உங்கள் கடைப் பெயரையே தேடுகிறவர்களுக்குக் கொஞ்சம் போதும். "வளைகாப்புக்கு 50 பேருக்கு சமையல் திருமங்கலம்" மாதிரி நீளமான சொற்களுக்கு, எக்ஸாக்ட் மேட்சில் (அதே பொருளில் தேடினால் மட்டும் வரும்படி) வைத்தால், குறைவாகவே போகும்; ஆனால் தேடுவோர் மிகக் குறைவு என்று கூகுளே நிறுத்தி வைக்கவும் செய்யும். 2018-லிருந்து தமிழில் விளம்பரம் கொடுக்க முடிகிறது. தமிழ் எழுத்தில் தட்டித் தேடுகிறவர்களுக்கு நான் பார்த்த கணக்குகளில் போட்டி குறைவுதான்.

இன்னொரு இடமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. விளம்பரம் வரும் வாய்ப்பில் எத்தனையை பட்ஜெட்டால் இழந்தோம், எத்தனையை ரேங்க்கால் இழந்தோம் என்று இரண்டு தனிப் பத்திகள் கணக்கில் இருக்கின்றன. மதியத்துக்குள் அன்றைய காசு தீர்ந்துபோய் பட்ஜெட்டால் இழப்பது அதிகமாக இருந்தால், பிட்டைக் கொஞ்சம் குறைப்பது சரியான வேலை. அதே காசுக்குக் கூடுதல் கிளிக் கிடைக்கும். ரேங்க்கால் இழப்பது அதிகமாக இருக்கும்போது பிட்டைக் குறைப்பது, பசித்தவனிடம் இருக்கிற தட்டையும் பிடுங்குவதுதான். அண்ணனின் கணக்கில் ஏறக்குறைய எல்லாமே ரேங்க்கால் போனவை.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது வீணான காசுகூட இல்லை. 2 ரூபாய் வைத்து, யார் கண்ணிலும் படாமல், "இது நமக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிட்டுப் போகிறார்கள் பாருங்கள், அதுதான். போதுமான தேடல்களில் விளம்பரம் வராவிட்டால் குவாலிட்டி ஸ்கோர் (தரத்துக்குக் கூகுள் கொடுக்கும் மதிப்பெண்) இருக்கும் இடத்தில் வெறும் கோடுதான் நிற்கும். அந்த வெறும் கோட்டைப் பார்த்து எப்படித் தீர்ப்பு சொல்வது?

அன்றைக்கே இரண்டு டிக்கையும் எடுத்தோம். 140-ல் 19 கீவேர்டை மட்டும் வைத்துக்கொண்டோம். "சமையல் வேலை", "சமையல் குறிப்பு", "சமையல் கிளாஸ்" என்று தேடுபவர்களுக்கு வராதபடி விலக்குச் சொற்கள் போட்டோம். எந்த ஊரில் இருப்பவர்களுக்குக் காட்டுவது என்ற அமைப்பை மட்டும் மாற்றவில்லை. மதுரையில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டு என்று சுருக்குவது பல தொழில்களுக்குச் சரி. ஆனால் சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு இங்கே கல்யாணம் நடத்துகிறவர்கள் அங்கிருந்துதானே தேடுகிறார்கள்? விளம்பரத்தைத் தொட்டால் வரும் பக்கத்தில் மெனுவும், இலைக்கு எவ்வளவு என்பதும், போன் எண்ணும் மேலேயே தெரியும்படி வைத்தோம். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் விளம்பரம் ஓடாது, ஏனென்றால் அப்போது அவர் போன் எடுக்க மாட்டார்.

ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும், ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் தேடுவது ஆடியில்தான். இரண்டாவது வாரத்தில் மேலூரிலிருந்து ஒரு போன், 350 இலை, சைவம். "தம்பி, இது அந்தக் கூகுள்ல பார்த்து வந்தவங்கதான், நானே கேட்டுட்டேன்" என்று அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார். சராசரிக் கிளிக் அப்போது 10 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருந்தது. வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை மதியம், சர்ச் டெர்ம்ஸ் பட்டியலை (மக்கள் உண்மையில் தட்டித் தேடிய சொற்கள்) இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். தை முகூர்த்தங்களுக்காக இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். அதற்குக் கார்த்திகை முதல் வாரத்தைக் குறித்து வைத்திருக்கிறோம்.